மிதப்பு வைத்த கதிரைகள்

“நற்செய்திப் பாட்டுக் கேட்க முந்நூறு ரூபாயோ?”

பங்குச் சபைக் கூட்டத்தில் முதலில் எழுந்தது மார்த்தா ரீச்சரின் குடை. அதன் பின்னால் ரீச்சர் எழுந்தார்.

“யேசு கோயிலுக்குள்ள மேசையளைப் பிரட்டினதை மறந்துபோனியளோ பாதர்? வாசலில நிண்டு டிக்கெட் கிழிக்கப் போறியளோ?”

“காசுக்காக மட்டும் இல்லை ரீச்சர்,” என்றார் பங்குத்தந்தை. “மண்டபத்தில கதிரை இருநூறுதான். வெளியூர்ச் சனமும்…”

“கதிரையும் கடவுளின்ர கதிரைதான்!”

கூட்டம் கை தட்டியது. பங்குத்தந்தை தன் வசனத்தை முடிக்க மும்முறை முயன்றார். மும்முறையும் குடை உயர்ந்தது. நுழைவு இலவசம் என்று தீர்மானமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மார்த்தா ரீச்சர் இலுப்பைக்கடவைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கேதான் இராசம்மா இருந்தார். ஒரே பாடசாலையில் இருவரும் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவர்கள்.

“கொழும்பில இருந்து நாப்பது பேர் பாட வருகினம், இராசம்மா. முந்நூறு ரூபாய் டிக்கெட் வைக்கப் பார்த்தவை. நான் விடயில்லை. வீட்டுச் சனம், அயற்சனம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

“நாங்கள் சைவக்காரர். ஆரும் ஏதும் சொல்லமாட்டினமோ?”

“கோயில் எல்லாருக்கும் திறந்திருக்கு. நான் பொறுப்பு.”

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. மூன்றரைக்கே ரீச்சர் கஞ்சி போட்ட சேலையில் வந்து சேர்ந்தார். மண்டபத்தில் ஒரு குஞ்சு குருமான் கூட இல்லை. ஆனால் இருநூறு கதிரைகளும் நிறைந்திருந்தன.

பெரும்பாலும் கதிரைக்கு ஒன்றாக, வலையில் கட்டும் மிதப்பு.

வள்ளம் கடலில் நிற்கும்போது கரையில் அதன் இடத்தில் ஒரு மிதப்பை வைத்துவிட்டுப் போனால், அந்த இடத்தை எவரும் தொடமாட்டார்கள். அவ்வூர்க் கரையின் சட்டம் அது. அதே சட்டம் இப்போது மண்டபத்துக்குள் ஏறியிருந்தது. மிதப்புக் கிடைக்காதவர்கள் ஒற்றைச் செருப்பும் மண்ணெண்ணெய்க் கானும் வைத்திருந்தார்கள். ஒரு கதிரையில் கால் கட்டிய நண்டு ஒன்று உயிரோடு இருந்தது. சொந்தக்காரர்களோ, இடம் பத்திரம் என்ற நிம்மதியில் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அநியாயம் இது, அமிர்தநாயகம்?”

“இலவசம் எண்டதும் விடியவே வந்து வைச்சிட்டுப் போட்டினம், ரீச்சர்,” என்றார், கோயில் மணி அடிக்கும் அமிர்தநாயகம்.

“எல்லாத்தையும் தூக்கி வெளியில எறியும்!”

“மிதப்பில கை வைக்கிறதோ? நாளைக்கு நான் கரையில நடக்க வேண்டாமோ? அந்த நண்டுக்கு வேற கொடுக்கு இருக்கு.”

“வெக்கம் கெட்ட சனம்,” என்றவாறு ரீச்சர் முன்வரிசைக்கு நடந்தார்.

அங்கே நடுவில் ஐந்து செம்மஞ்சள் மிதப்புகள் நீல நாடா கட்டி, அளவெடுத்தாற்போல் இருந்தன. காலைப் பூசை முடிந்த கையோடு ரீச்சரே வைத்தவை. அது வேறு விடயம். டிக்கெட்டை ஒழிக்கப் பாடுபட்டவருக்கு ஐந்து கதிரை அதிகமில்லை என்பது அவர் கணக்கு. ஒன்று அவருக்கு. ஒன்று மருமகள் றஞ்சிதாவுக்கு. அவள் இன்னும் வீட்டில் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஒன்று கனடாவில் இருக்கும் மகன் டினேஷுக்கு. அவன் வீடியோவில் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசி அந்தக் கதிரையில் சாய்ந்து நின்றது. அவன் இன்னும் நித்திரை. நான்காவது கைப்பைக்கு. ஐந்தாவது குடைக்கு.

நான்கு மணிக்குத் திரை விலகியது. பாடகர் குழுத் தலைவர் இருநூறு கதிரைகளுக்கும் பொதுவாகக் குனிந்து வணங்கினார். களைத்தவர், வறியவர், வழிப்போக்கர் யாவரையும் ஆண்டவர் வீட்டுக்குள் வந்து அமருமாறு அழைக்கும் பாடலோடு கச்சேரி தொடங்கியது. நண்டு மட்டும் தாளம் தப்பாமல் கொடுக்கை ஆட்டியது.

அந்த வேளையில்தான் இராசம்மா வந்தார். கூடப் பதினெட்டுப் பேர். இரண்டு பஸ் மாறி, வெளுத்த உடுப்பில், பாடகர்களுக்கென்று ஒரு பூசணிக்காயும் சுமந்து வந்திருந்தார்கள். வாசல் அகலத் திறந்திருந்தது. தடுக்க எவரும் இல்லை.

“இதுகளில இருக்கலாமோ, ஐயா?”

“ஆக்கள் இருக்கினம், அம்மா,” என்றார் அமிர்தநாயகம்.

“எங்க?”

“வருவினம்.”

இராசம்மா வெற்றுக் கதிரைகளைத் தாண்டி முன்வரிசைக்கு வந்து, குடையைக் காட்டினார்.

“மார்த்தா, இதிலயாவது இருக்கட்டோ? கால் உளையுது.”

ரீச்சரின் கை குடைவரை போயிற்று. பின்னால் நின்ற பதினெட்டு முகங்களைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

“உமக்கு ஒரு ஆளுக்குக் குடுத்தால் மற்றவை என்ன நினைப்பினம், இராசம்மா? முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே. கொஞ்சம் ஓரமா நில்லும். நிண்டு கேட்டாலும் பாட்டு ஒண்டுதான்.”

இராசம்மா கோபிக்கவில்லை. சுவரோடு நின்ற பங்குத்தந்தையிடம் போனார், கைப்பையைத் திறந்தார்.

“பாதர், முந்நூறு ரூபாய் டிக்கெட் எண்டு முதல்ல கதைச்சனியளாம். அதில பத்தொன்பது தாங்கோ. இலவசத்தில எங்களுக்கு இடமில்லை.”