பட்டைக் கறை

மெக்கானிக்கின் சட்டைக் கையில் இருந்த பழுப்புக் கறையைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரீஸுன்னு மட்டும் கதை விடாதே" என்றார் ரிட்டயரான போஸ்ட்மேன். "கிரீஸ் கறுப்பு. இது இந்த மரத்தோட பட்டைச் சாறு. துணி கிழிஞ்சாலும் கறை போகாது."

"நான் கிரீஸுன்னு சொல்லவே இல்லையே சார். காலையில முதல்ல வந்தவன் நான்தான். காயத்தைப் பார்த்ததும் களிமண்ணைக் குழைச்சு அப்பினேன். அப்ப ஒட்டினது."

"பாம்பும் நீயே, பிடாரனும் நீயேவா?"

யாரோ சிரித்தார்கள். டெய்லர் அக்கா சிரிக்கவில்லை. அவள் மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையைக் காணோம். ஈரக் களிமண்ணுக்கு நடுவே வெள்ளை எலும்பு மாதிரி தெரிந்தது மரம்.

குப்பைமேடாகக் கிடந்த அந்த இடத்தை, ஞாயிறுதோறும் கூடிக் கூடிக் காடாக்கியவர்கள் அவர்கள். வேண்டாத முள்மரத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று, பட்டையை வளையமாக உரித்து நின்ற வாக்கிலேயே பட்டுப்போக விடுவார்கள். மரம் நிற்பதுபோல் நிற்கும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும். அந்த வித்தை தெருவில் போகிறவனுக்குத் தெரிய வழியில்லை.

அப்படியானால், கூட இருந்தவன்தான்.

அந்தக் காட்டில் நட்ட முதல் கன்று அது. நட்டவள் அவள். முதல் கோடையில் அவள் ஒரு குடம் சுமந்தால், மெக்கானிக் இரண்டு குடம் சுமந்தான். கூடப் பிறக்காத தம்பி என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் என்ன சொன்னே நீ?" என்று அவனிடம் கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இந்த மரம் பாதைமேல சாயுது, ஒருநாள் யார் தலையிலாவது விழும்னு சண்டை போட்டியா, இல்லையா?"

"கிளையைக் கழிக்கணும்னு சொன்னேன்க்கா. உசிரை எடுக்கணும்னு சொன்னேனா?"

"சாவியைக் குடு."

காட்டு வாசல் கேட்டின் சாவியை அவன் தன் கொத்திலிருந்து கழற்றினான். அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "களிமண்ணு காயாம பார்த்துக்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டி அழுதாள். வீடு என்றால் காட்டை ஒட்டிய மாடி வீடு. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் நிறைய அந்த மரம்தான். கணவர் காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கிறவர் இல்லை. இலையைக் கண்டாலே தும்மல் வரும் என்பார். ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்கில் டீ நிரப்பித் தருவதும், அவள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லும் காட்டுக் கதையை 'உம்' கொட்டிக் கேட்பதும்தான் அவர் செய்யும் தொண்டு.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டானே" என்றார் அவர், அவள் தலையைத் தடவியபடி. "விடும்மா. யாரையும் ரொம்ப நம்பக்கூடாது."

மறுநாள் துணி துவைக்கும்போது அவருடைய சட்டைக் கையிலும் ஒரு கறை. ஒரு ஃபிளாஸ்க் நிரப்பத் தெரியவில்லை, டீயை மேலே கொட்டிக்கொள்கிற மனிதர் என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். கை வலித்ததுதான் மிச்சம். அப்படியே கொடியில் போட்டுவிட்டாள்.

களிமண்ணுக்கு அவள் தினமும் தண்ணீர் தெளித்தும் மரம் கேட்கவில்லை. உச்சியிலிருந்து இலை பழுத்து, கொட்டி, வெறும் குச்சியாக நின்றது. கிளைகளுக்கு நடுவே, இத்தனை வருஷம் மறைந்திருந்த ஏரி பளபளத்தது. அவள் மெஷினைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கடைத்தெருவில் மெக்கானிக் எதிரே வந்து, "அக்கா" என்றான். அவள் காது கேளாதவள்போல நடந்தாள். பாலை ஊற்றி வளர்த்தது கொத்தினால் வலி கூடத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொரு நாள், கணவர் வேலைக்குப் போயிருந்தார். அழைப்பு மணி அடித்தது. வாசலில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி.

"சார் இல்லீங்களா? இந்தப் பக்கமா வந்தோம், அப்படியே ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு..."

துணி தைக்கக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்து அவள் உள்ளே விட்டாள். அந்தப் பெண் நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"ஐயோ, ஏரி எவ்வளவு அழகாத் தெரியுது! இங்க வாங்களேன். இதுக்கே இந்த வீட்டை வாங்கிடலாம்."

"எந்த வீட்டை?" என்றாள் டெய்லர் அக்கா.

அந்த மனிதர் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார்.

"போன தடவை ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க வந்தப்ப அந்த மரம் பச்சைப்பசேல்னு மறைச்சுட்டு இருந்துச்சுங்க, உங்க வீட்டுக்காரர்தான், கூடிய சீக்கிரம் அது பட்டுப்போயிடும், அப்புறமா வந்து பாருங்கன்னு சொன்னாரு."