இருநூற்றுப் பதினான்காவது ஆள்

இது நான் நேரில் பார்த்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் பூரணம் அக்கா, திங்கட்கிழமை மதியம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தோசையைப் பிய்த்தபடி சொன்னது. அதிலும் பாதி, அவர் தன் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"வைஷாலி, நீ யூனிவர்சிட்டி படிச்ச பொண்ணு. இங்கிலீஷ்ல எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடு."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கு எந்தக் கடிதம் என்றாலும் என்னிடம்தான் வரும். தப்பாக எழுதிவிடுவேனோ என்கிற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

"யார் மேலக்கா?"

"ஒரு கிழவன் மேல."

ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். குழந்தைகளுக்கு வரும் இதய நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஆண்டுதோறும் நடப்பது. அக்காவின் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. "மெதுவா ஓடலாம், மூச்சு வாங்கினா நிக்கணும்" என்று டாக்டர் இந்த ஆண்டுதான் முதல்முறையாக அனுமதி கொடுத்திருந்தார்.

அம்மா கூடவே ஓடிவரக் கூடாது என்று ஆரணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கவலை.

"கடைசியா மட்டும் வரக்கூடாதும்மா. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல நான் கடைசியா வந்தப்ப எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஃபர்ஸ்ட் வந்தவளுக்குக்கூட அப்படித் தட்டல. அந்தக் கைதட்டல் எனக்கு வேணாம்."

முதல் கிலோமீட்டரிலேயே கூட்டம் அவளைத் தாண்டிப் போய்விட்டது. மிஞ்சியது அவளும் ஒரு பெரியவரும். அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தாடி. நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் எண்ணுக்குக் கீழே பெயர்: ஒலி முகம்மது.

"அந்த ஆளு செஞ்ச வேலையைக் கேளு," என்றார் அக்கா. "இவ கொஞ்சம் வேகம் எடுத்தா போதும், 'பாப்பா நில்லும்மா, ஷூ லேஸ் அவுந்துபோச்சு'ன்னு உட்கார்ந்துடறாரு. எழுந்து நாலு எட்டு வச்சா, 'கால் பிடிச்சுக்கிச்சு'. அப்புறம் 'தாகமா இருக்கு'. என் பொண்ணோட தண்ணியை வாங்கிக் குடிச்சிருக்காரு லா!"

"விட்டுட்டு ஓட வேண்டியதுதானே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'பாவம்மா அங்கிள், தனியா விட்டா விழுந்துடுவாரு'ங்கறா. இவளுக்கே ரெண்டு தடவை நெஞ்சைத் திறந்து தைச்சிருக்கு. இவ அவருக்கு நர்ஸ்!"

அக்கா முடிவுக்கோட்டில் காத்து நின்றார். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. தடுப்புக் கம்பிகளைக்கூடக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் வளைவில் இருவரும் தெரிந்தார்கள். ஆரணி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

கோட்டுக்கு இருபதடி இருக்கும்போது பெரியவர் மறுபடியும் நின்றார்.

"நீ போ பாப்பா. எனக்கு முடியல."

ஆரணி கோட்டைத் தாண்டினாள். கொஞ்சம் பொறுத்து அவர் வந்தார். அங்கே இருந்த எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சிலர் விசில் அடித்தார்கள். அவருக்கு.

"கடைசியா வந்தோமேன்னு ஒரு கூச்சம் வேணாம்? பரிசு வாங்கின மாதிரி ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறாரு. டீ-ஷர்ட் ஃப்ரீயா கிடைக்குதுன்னு வர்ற ஆளுங்க லா இவங்க. ஓட முடியாதவங்களைச் சேர்க்காதீங்கன்னு நல்லா எழுது. அத்தனை நேரம் நான் அங்க நின்னேன் வைஷாலி. வழியில பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிய்த்த தோசை அப்படியே இருந்தது.

"ஆரணி என்ன சொல்றா அக்கா?"

"அவளா? மெடலைக் கழற்றாமலே தூங்கினா. அடுத்த வருஷம் அங்கிளுக்கு இவதான் ட்ரெயினிங் கொடுக்கப் போறாளாம்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் மேல் புகார் எழுதுவதென்றால் பெயரும் எண்ணுமாவது சரியாக இருக்க வேண்டும். மாலையில் புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் உட்கார்ந்து, அந்த ஓட்டத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன்.

முடிவுப் பட்டியல் யாரும் பார்க்கும்படிதான் இருந்தது. 213ஆவது இடம், ஆரணி. கடைசியாக 214ஆவது, ஒலி முகம்மது. ஒரு மணி நேரம் ஒன்பது நிமிடம். அக்கா சொன்னது அத்தனையும் சரி.

அவர் பெயரைத் தொட்டதும், அவர் ஓடிய மற்ற ஓட்டங்களும் வந்தன. போன டிசம்பரில் முழு மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நான்கு மணி நேரம் இரண்டு நிமிடம்.

அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்து, பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். அக்கா சொன்ன வெள்ளைத் தாடி. கையில் தண்ணீர்ப் பாட்டில்கூட இல்லை.

டிசம்பருக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது வந்திருக்கலாம். அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வர எனக்குப் பயம். அதனால் ஆரணி ஓடிய இதே ஓட்டத்தின் பழைய பட்டியல்களையும் திறந்து, கடைசிவரை இறக்கிப் பார்த்தேன்.

இதற்கு முந்திய நான்கு ஆண்டுகளின் பட்டியல்கள் இருந்தன. நான்கிலும் கடைசிப் பெயர், ஒலி முகம்மது.

அவருக்கு மேலே இருந்த பெயர் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு. பக்கத்தில் வயது போட்டிருந்தது. பத்து, எட்டு, பதிமூன்று, ஒன்பது.