பத்து ரூபாயா, ஏழு நாளா

“பத்து ரூபாய் கட்டறீங்களா, ஏழு நாள் உள்ளே இருக்கீங்களா?”

ஃப்ளாக் ஊர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரெஞ்சில் கேட்டதை, மொழிபெயர்ப்பாளர் விநாயகத்திடம் தமிழில் கேட்டார்.

மாட்டு வண்டியில் நம்பர் தகடு இல்லை என்பது வழக்கு.

விநாயகம் தலை குனிந்து நின்றார். மூன்று ஏக்கர் கரும்பு, சொந்த வண்டி, கோயில் கமிட்டியில் ஓர் இடம். வேட்டி மடிப்பில் பன்னிரண்டு ரூபாயும் இருந்தது.

“உள்ளேயே இருக்கேன்” என்றார்.

பக்கத்து நிலத்துக்காரன் ராஜன் பின்பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான்.

“காசு பத்தலைன்னா நான் கட்டறேன் அண்ணே.”

வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். ராஜன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு வற்புறுத்தாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கஞ்சன் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. சொல்லட்டும். வண்டி வழக்கில் உள்ளே போவதை அந்தப் பக்கத்தில் யாரும் அவமானமாக நினைப்பதில்லை. விளக்கு இல்லை, பாரம் அதிகம் என்று வருஷத்துக்கு நாலைந்து பேர் போய் வந்தார்கள்.

தகட்டைக் கழற்றியதே அவர்தான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மூன்றாவது தடவையாக வண்டியை ஓட்டிய பிறகுதான் கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று சாயங்காலமே ரயிலில், சிறை இருக்கும் போ பசான் ஊருக்குக் கொண்டுபோனார்கள். கைவிலங்கின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். அந்த ரயில் ஸ்டேஷன் அவருக்குப் புதிதல்ல. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே வந்து இறங்கியிருக்கிறார். கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் கூட்டமாகச் சிறைப் பக்கம் நடந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல், இரண்டு தடவையும் அடுத்த ரயிலிலேயே ஊர் திரும்பினார்.

சிறையில் தலையை மழித்தார்கள். முரட்டுச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை, கற்றாழை நார் பிரிக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஐம்பது அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் கோபாலன் இருந்தான்.

அவருடைய மகன். பாம்பூ எஸ்டேட்டில் வேலைக்கு என்று போன இடத்தில், மானேஜருடைய குதிரையைத் திருடி விற்றவன். ஒன்றரை வருஷத் தண்டனையில் எட்டு மாதம் முடிந்திருந்தது.

விநாயகம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் மெலிந்திருந்தான். நார் கிழித்த விரல்களில் தழும்புகள்.

கோபாலன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நாரைப் பிரிக்க ஆரம்பித்தான்.

வார்டர் ஜான்-க்ளோட் அவர்கள் முன்னால் வந்து நின்றார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே மூஞ்சியா இருக்கே. உன் அப்பனா?” என்று தீவின் கிரியோல் மொழியில் கேட்டார்.

“இல்லை, மிஸ்யே” என்றான் கோபாலன். “எங்க ஊர்க்காரர். இவருக்கு ஒரே பையன். அவன் ரீயூனியன் தீவுல வேலை பாக்கறான்.”

குரலில் கோபம் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

எட்டு மாதமாக விநாயகம் ஊரில் சொல்லிவந்தது அதைத்தான். கோயிலிலும் கடையிலும் கரும்பு எடை போடும் இடத்திலும், கேட்டவர்களிடமெல்லாம்.

அது இந்தச் சுவருக்குள் எப்படி வந்தது?

ராஜன் ஏப்ரல் மாதம் விளக்கில்லாத வண்டிக்காக இங்கே மூன்று நாள் இருந்தான். திரும்பிய மறுநாள் வீட்டுக்கு வந்து, கோபாலனிடமிருந்து கடிதம் வந்ததா என்று விசாரித்தான். வந்தது என்று சொல்லி, கப்பலைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் விநாயகம் அவனுக்கு விவரமாகச் சொன்னார். ராஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவர் மனைவி பூங்காவனம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ராஜனுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் இங்கே இருந்துவிட்டுப் போனார்கள்? அத்தனை பேரும் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

விநாயகத்துக்குக் காது இரண்டும் எரிந்தன.

“என் பையன்தான், மிஸ்யே” என்றார்.

ஜான்-க்ளோட் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார்.

கோபாலன் நிமிரவில்லை. இன்னும் ஆறு நாள் இருந்தது.