கறுப்பு அட்டைக்காரி

"நீ செத்துட்ட, ஹேலி. படுத்துக்க. இனிமே வாயத் திறக்கக் கூடாது."

ஒத்திகையை நடத்தும் நர்ஸ் கிரெட்சன், ஹேலியின் கழுத்தில் இறந்தவர்களுக்கான கறுப்பு அட்டையை மாட்டினாள். பள்ளி மைதானத்தில் ஒரு பழைய பேருந்து கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் சிவப்புச் சாயம் பூசியவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். பெரிய விபத்து நேர்ந்தால் எப்படிச் சமாளிப்பது என்று நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூர் வருடந்தோறும் பழகிப் பார்க்கும்.

"மேடம், ஒரு கால் முறிவாவது குடுங்களேன். போன வருஷம் மருத்துவக் கல்லூரியில 'அனுபவம் போதாது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை பிணமா படுத்திருந்தேன்னா போய்ச் சொல்றது?"

"எப்படிக் காப்பாத்துறாங்கன்னு படுத்துக்கிட்டே பாரு. அதுவும் அனுபவந்தான். நடுவுல எழுந்தியோ, உன் அனுபவச் சான்றிதழ்ல என் கையெழுத்து கிடையாது. போன தடவை ஒரு பிணம் செல்ஃபி எடுத்துச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

ஹேலிக்குப் பக்கத்தில் கிடந்தவர் வெர்ன். தலை நரைத்த மனிதர். கால் முறிந்த வேடம்.

"ஐயோ, என் காலு! கால் போனா போகுது, யாராச்சும் ஒரு பீர் குடுங்கப்பா!"

ஹேலி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் அலறல் நின்றது. ஒலிபெருக்கியோடு கடந்துபோன கிரெட்சனின் கால்சட்டையை வெர்ன் எட்டிப் பிடித்தார்.

"கிரெட்ச்... மூச்சு..."

"பிரமாதம், வெர்ன். ஆனா உனக்கு அடி கால்ல. நெஞ்சுல இல்ல." அவர் விரல்களை விலக்கிவிட்டு அவள் நடந்தாள்.

ஹேலி ஓரக்கண்ணால் பார்த்தாள். காற்று சில்லென்று வீசியது. அவர் நெற்றியின் சாயமோ வியர்வையில் கரைந்து வழிந்தது. உதடு நீலம். ஒப்பனைப் பெட்டியில் நீலம் இருக்கவில்லை.

எழுந்தால் கையெழுத்து போச்சு.

எழுந்தாள்.

"டேய், பிணம் எழுந்துடுச்சுடா!" தீயணைப்பு வீரர்கள் சிரித்தார்கள்.

"இது ஒத்திகை இல்ல! இவருக்கு நிஜமாவே மாரடைப்பு!"

"ஆஹா, இந்தப் பொண்ணுக்கு ஆஸ்காரே குடுக்கலாம்!"

வெர்னின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு இல்லை. ஹேலி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். உள்ளே ஏதோ மளுக்கென்றது. சிரிப்பு நின்றது. தீயணைப்பு வீரர்கள் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியோடு ஓடி வந்தார்கள். அவள் கையை எடுக்க, அவர் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வெர்ன் இருமினார்.

"எவன்டா... என் விலாவை உடைச்சது?"

"ஒரு பிணம், சார்" என்றாள் ஹேலி, அழுதுகொண்டே.

கை முறிந்தவர்களும் கால் முறிந்தவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரெட்சன் மட்டும் தட்டவில்லை. ஒலிபெருக்கி அவள் கையிலிருந்து நழுவிப் புல்லில் கிடந்தது.

பக்கத்து ஊரிலிருந்து நிஜ ஆம்புலன்ஸ் வந்தது. வெர்னை ஏற்றிவிட்டு டிரைவர் கேட்டார்: "இவரோட சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

கிரெட்சன் ஹேலியின் கையை இறுகப் பற்றினாள். விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

"நான் இருக்கேன். இவர் என் புருஷன்."