மூக்கைப் பொத்தாதவள்

கண்ணாடி வீட்டுக்குள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் பொத்தவில்லை.

பழம்பெரும் தாவரவியல் பூங்கா அது. கொள்ளுத்தாத்தா காலத்து இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு கூடாரம். நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரே ஒரு பூ. பல வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் செத்த எலி நாற்றம். 'பிணவாடைப் பூ. மூக்கு ஜாக்கிரதை!' என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

"யப்பா, குடலைப் புரட்டுது!" என்றார் அவள் கணவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "இப்ப சொல்லு, ஏதாவது தெரியுதா?"

அவள் கயிற்றுத் தடுப்புக்கு மேல் எட்டிக் குனிந்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள். "ஒண்ணும் தெரியலைங்க."

"நல்லா இழு."

"இதுக்கு மேல இழுத்தா பூவே உள்ள போயிடும்."

பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கிலிருந்து விரலை எடுக்காமலே, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் பேக்கரி நடத்துபவள். ரொட்டி வெந்ததா என்று என்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. மூக்கு சொல்லும், கை எடுக்கும். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. ட்ரே ட்ரேயாகக் கருகியது. "வரும், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீட்டிலும் நிர்வாகம் தளர்ந்துவிட்டது. வெளியே போய் வந்தால் கணவர் ஷூவை வாசலுக்கு வெளியேதான் கழற்ற வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இப்போதெல்லாம் ஷூ கட்டில் வரைக்கும் வருகிறது, கேட்பாரில்லை.

கடையை நாத்தனாரிடம் விட்டுவிடுவதாகப் பேச்சு. நாளைக் காலை சாவி கை மாறவேண்டும். பேப்பரில் இந்தப் பூவைப் பற்றிப் படித்ததும் கணவருக்கு ஒரு நப்பாசை. 'இந்த நாத்தமும் தெரியலைன்னா சாவியைக் குடுத்துடறேன், அப்புறம் பேசக்கூடாது' என்று சொல்லிவிட்டுத்தான் அவளும் கிளம்பி வந்திருந்தாள்.

விறுவிறுவென்று வெளியேறினாள். கழுத்தில் பெயர்ப் பலகை மாட்டிய கிழட்டு மரங்கள் இருபுறமும் நின்றன. ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே வந்தார். தோப்பின் கோடியில், சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவியை இன்னிக்கே குடுத்துடலாங்க."

அந்த வழியாக வந்த கண்ணாடி வீட்டு அதிகாரியம்மா, அழுகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"அந்தப் பூ நாத்தம் இவளுக்கு மட்டும் தெரியலை மேடம்" என்றார் கணவர்.

"வேற யாருக்குத் தெரிஞ்சுது? அது முந்தாநாள் ராத்திரி விரிஞ்ச பூ. நேத்தோட வாடை சுத்தமா அடங்கிடுச்சு. அந்தப் பலகையை எடுங்கன்னு காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன், எடுக்க ஆளில்லை. பலகையைப் படிச்சுட்டு வர்றவங்க எல்லாம் மூக்கைப் பொத்தறாங்க!" என்று அலுத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்குக் குடலைப் புரட்டினது?"

"எல்லாரும் பொத்தினாங்களா... எனக்கும் புரட்டற மாதிரியேதான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் பழைய பயம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பூ அவளைப் பாஸும் போடவில்லை, ஃபெயிலும் போடவில்லை. சாவி விஷயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சரி விடு. உன் பின்னால ஓடி வந்ததுல கால் விண்விண்ணுங்குது" என்று அவர் பெஞ்சில் சாய்ந்தார். ஷூவைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். மரத்தடியில் இதமாகக் காற்று வீசியது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். மூச்சை ஒருமுறை இழுத்தாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை இழுத்தாள். கண் மறுபடி நிறைந்து வழிய, இரண்டு கையாலும் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க... சாக்ஸைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?"