வெந்நீர் உத்தரவு

“கரண்ட் ஹீட்டரை எல்லாம் கழற்றிடுங்க. மாநிலம் முழுக்க மின்வெட்டு. இனி சோலார் ஹீட்டர்தான்னு புது உத்தரவு,” என்றார் மெட்ராஸிலிருந்து வந்து லாட்ஜிலேயே தங்கியிருந்த அதிகாரி.

லாட்ஜ் முதலாளி கிதிர் முகம்மதுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சார், ரூமுக்கு ரூம் வெந்நீர் வந்தாத்தான் லைசென்ஸுன்னு சொன்னிய. விறகு பாய்லர் வச்சேன். காடு அழியுதுன்னு அதைப் பிடுங்கச் சொன்னிய. கரண்ட் ஹீட்டர் வச்சேன். இப்ப அதுவும் ஆகாதா? நீங்க உத்தரவை மாத்தும்போதெல்லாம் குழாய் பதிக்க நான்லா சுவரை உடைக்கேன்! பேசாம வெந்நீரே வேண்டாம்னு சொல்லிருங்களேன்.”

“அதெப்படி? தங்க வர்றவங்க குளிக்க வேண்டாமா?”

இந்த மனுஷனிடம் பேசுவதற்குப் பதில் அந்தச் சுவரிலேயே போய் முட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது கிதிர் முகம்மதுவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சரி, கொத்தனாரைக் கூப்பிடுதேன். ஹீட்டரைக் கழத்துறதுக்கு முன்னால நீங்களாவது அந்த வெந்நீர்ல குளிச்சிருங்க சார்.”

அதிகாரி சிரித்தபடி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தலையில் தேய்த்திருந்த எண்ணெய் நெற்றியில் வழிந்தது.

“நல்லாச் சொன்னீங்க! குற்றாலத்துக்கு வந்துட்டு எவனாவது ரூம்ல வெந்நீர்ல குளிப்பானா? ஐந்தருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?”

கிதிர் முகம்மது வாசல் வரை வந்து கையை நீட்டிக் காட்டினார்.

“நேராப் போங்க சார். பாய்லர் வச்ச நாள்ல இருந்து என் லாட்ஜ்ல தங்க வந்த ஆளுக அத்தனை பேரும் அங்கனதான் குளிக்காவ!”