தள்ளினால்தான் ஓடும்

"பழைய காருக்குக் கெடைக்காத சாமான் எண்டு ஒண்டுமே இல்ல, ஐயா." மருதானை மெக்கானிக் நவ்பர் எல்லோரிடமும் இப்படித்தான் பெருமையடிப்பார். குணநாயகத்தின் மொரிஸ் மைனருக்குப் புது ஸ்டார்ட்டர் மோட்டர் தேடிப் பூட்டியதும் அவர்தான்.

இரண்டு கிழமை கழித்துப் பாமன்கடைப் பக்கம் போனவர் திகைத்து நின்றார். ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்ற அதே காரைப் பக்கத்து வீட்டு விமலசேனவும் இன்னும் மூன்று பேரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், கியர்! கியர்!"

கார் உறுமியது. நவ்பரைக் கண்டதும், ஸ்டியரிங்கில் இருந்த குணநாயகம் ஓரங்கட்டினார்.

"புது மோட்டர் எப்பிடி ஐயா பழுதாகும்?"

"விடுங்கோ தம்பி, பிறகு பாப்பம்."

நவ்பர் அதற்குள் பொனட்டைத் திறந்துவிட்டார். மோட்டருக்குப் போகும் வயர் கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

"ஆரு இதக் கழட்டின?"

"நான்தான்." குணநாயகம் குரலைத் தாழ்த்தினார். "டவுனில குண்டு வெடிச்ச பிறகு, நான் தமிழன் எண்டு இந்த ஒழுங்கையில ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. கார் வழியை மறிச்சு நிண்டால்தான் வருவினம். நீங்கள் மோட்டர் பூட்டின கிழமை முழுக்க என்னை அங்கிள் எண்டு கூப்பிட ஒரு ஆள் இல்லை, தம்பி."

விமலசேன கையைத் துடைத்தபடி வந்தார். "இது எப்போதுதான் சரிவரும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நவ்பர் பொனட்டை மெதுவாக மூடினார்.

"இதுக்கு இனிச் சாமான் கிடைக்காது, மஹத்தயா" என்றார் அவரும் சிங்களத்தில். "நீங்கதான் தள்ளிவிட வேணும்."